ஒஸ்ட்ராவா வழக்கு: பெற்றோர் கையெழுத்தும் பிள்ளைகளின் பள்ளியும்

செக் குடியரசின் கிழக்கு ஓரத்தில், போலந்து எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது ஒஸ்ட்ராவா நகரம். நிலக்கரியும் இரும்பும் வளர்த்த ஊர். 1998–99 கல்வியாண்டில் அங்கே சாதாரணப் பள்ளிகளில் 33,372 பிள்ளைகள் படித்தார்கள். அவர்களில், வெளியார் 'ஜிப்சி' என்று அழைத்துவந்த ரோமா இனத்தின் பிள்ளைகள் 2.26 விழுக்காடு, அதாவது 750 பேருக்குச் சற்று அதிகம். அதே ஊரில், அறிவு வளர்ச்சியில் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கென்று 'சிறப்புப் பள்ளிகள்' இருந்தன. அவற்றில் படித்த 1,360 பேரில் 762 பேர் ரோமா.

சதவீதமாகச் சொன்னால், ரோமா பிள்ளைகளில் 50.3 விழுக்காட்டினர் சிறப்புப் பள்ளியில். ரோமா அல்லாத பிள்ளைகளில் 1.8 விழுக்காட்டினர் மட்டும். ஒரு ரோமா பிள்ளை சிறப்புப் பள்ளியில் போய்ச் சேரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட 27 மடங்கு.

ஓர் இனத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் பிறவியிலேயே மூளை மந்தமாக இருக்க முடியாது. இது யாருக்கும் தெரியும். ஆனாலும் பிள்ளைகளின் கோப்புகளைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருந்தது. உளவியல் சோதனை நடந்திருக்கிறது, நிபுணர் பரிந்துரைத்திருக்கிறார், தலைமையாசிரியர் முடிவெடுத்திருக்கிறார், பெற்றோர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சட்டத்தில் 'ரோமா' என்ற சொல்லே கிடையாது.

ரோமா மக்களின் கல்வியைப் பற்றி ஐரோப்பாவில் யார் பேசினாலும் இந்த ஊரையும், இங்கிருந்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போன 18 பிள்ளைகளின் வழக்கையும் தாண்டிப் போக முடியாது. தீர்ப்பு வந்தது 2007-இல். அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான், ஒடுக்கப்பட்ட ஒரு சமூகத்துக்குக் கல்வி எந்த இடத்தில் தடைபடுகிறது, எந்த இடத்தில் திறக்கிறது என்பது பிடிபடும். என் கண் திரும்பத் திரும்பப் போவது அந்தப் பெற்றோர் கையெழுத்தின் மேல்தான்.

இந்த மக்கள் இங்கே வந்த விதம்

ரோமா மக்களின் முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடமேற்கிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதை மொழியாய்வும் மரபணு ஆய்வும் உறுதிசெய்திருக்கின்றன. ஆனால் ஒஸ்ட்ராவாவின் ரோமா குடும்பங்களைப் புரிந்துகொள்ள அவ்வளவு தூரம் போக வேண்டாம். எழுபது, எண்பது ஆண்டுகள் போனால் போதும்.

இரண்டாம் உலகப் போருக்கு முன் செக் நிலப்பகுதியில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட ரோமா மக்கள் வாழ்ந்தார்கள். நாஜி ஆட்சியில் லெட்டி, ஹொடோனின் என்ற இரண்டு முகாம்களில் அடைக்கப்பட்டு, அங்கிருந்து ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். உயிரோடு திரும்பியவர்கள் 600-ஐத் தொடவில்லை. லெட்டி முகாம் இருந்த இடத்தில் 1970-களில் அரசு ஒரு பெரிய பன்றிப் பண்ணையைக் கட்டியது. அந்தப் பண்ணையை விலைக்கு வாங்கி, இடித்து, நினைவிடம் திறக்க 2024 வரை ஆனது. இறந்தவர்களுக்கே இந்த மரியாதை என்றால், பள்ளிக்கூட வாசலில் நின்ற பிள்ளைக்கு என்ன கிடைத்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

போருக்குப் பிறகு செக் நகரங்களில் தொழிற்சாலை வேலைக்கு ஆள் பற்றாக்குறை. ஸ்லோவாக்கியாவின் கிராமங்களிலிருந்து ரோமா குடும்பங்கள் வந்தன, கொண்டுவரவும்பட்டன. இன்று செக் நாட்டில் இருக்கும் ரோமா மக்களில் மிகப் பெரும்பாலோர் அப்படி வந்தவர்களின் வாரிசுகள். 1958-இல் நாடோடி வாழ்க்கையைத் தடைசெய்து சட்டம் வந்தது. ஒஸ்ட்ராவாவில் சுரங்கத்திலும் இரும்பாலையிலும் கட்டட வேலையிலும் அவர்கள் உழைத்தார்கள். படிப்பு தேவைப்படாத, உடம்பு தேவைப்பட்ட வேலைகள். பிள்ளை சிறப்புப் பள்ளியில் படித்தாலும் இந்த வேலை கிடைத்துவிடும் என்ற நிலை அன்றைக்கு இருந்தது.

1989-இல் கம்யூனிச ஆட்சி விழுந்த பிறகு அந்தக் கணக்கு குலைந்தது. ஒஸ்ட்ராவா நகருக்குள் கடைசிச் சுரங்கம் 1994-இல் நிலக்கரி எடுப்பதை நிறுத்தியது. வேலையை விட்டு முதலில் அனுப்பப்பட்டவர்களில் ரோமா தொழிலாளர்கள் இருந்தார்கள். சிறப்புப் பள்ளிச் சான்றிதழோடு வெளியே வந்தவனுக்குப் புதிய பொருளாதாரத்தில் இடமில்லை. முன்பு கூலியைக் குறைத்த சான்றிதழ் இப்போது வேலையையே இல்லாமல் ஆக்கியது.

பள்ளியில் சேர்க்கும் நாள்

செக் நாட்டில் ஆறு வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் வரச் சொல்வார்கள். பிள்ளை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வகுப்பறைக்குள் போகும். ஆசிரியை பெயர் கேட்பார், நிறங்களைக் காட்டிச் சொல்லச் சொல்வார், எண்ணச் சொல்வார், ஒரு மனித உருவம் வரையச் சொல்வார், தெரிந்த பாட்டு ஒன்றைச் சொல்லச் சொல்வார். மழலையர் பள்ளிக்குப் போய்வந்த பிள்ளைக்கு இது விளையாட்டு.

மழலையர் பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு அப்படி இல்லை. பல ரோமா வீடுகளில் பேசப்படும் செக் மொழியில் ரோமானி மொழியும் ஸ்லோவாக் மொழியும் கலந்திருக்கும். சொல்லமைப்பு வேறு, சொற்களின் பொருளும் சில இடங்களில் வேறு. வீட்டில் பென்சிலும் படப் புத்தகமும் இருந்திருக்காது. அறிமுகமில்லாத பெரியவர் கேட்கும் கேள்விக்கு வாய் திறக்காமல் நிற்பதையும் 'தெரியவில்லை' என்றே குறித்துக்கொள்வார்கள். உடனே கல்வி உளவியல் ஆலோசனை மையத்துக்குப் பரிந்துரை. அங்கே அறிவுத்திறன் சோதனை. அந்தச் சோதனைகள் பெரும்பான்மைச் சமூகத்துப் பிள்ளைகளை வைத்து அளவிடப்பட்டவை. சொல்வளத்தையும் பொது அறிவையும் சோதிக்கும் கேள்விகளில் ரோமா பிள்ளை பின்தங்கும். முடிவு: 'லேசான மனவளர்ச்சிக் குறைபாடு'.

அப்புறம் ஒரு படிவம் வரும். சிறப்புப் பள்ளியில் சேர்க்கச் சம்மதம் என்று ஏற்கெனவே அச்சடித்திருக்கும், பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கும். சாதாரணப் பள்ளியில் சேர்த்தால் என்ன உதவி கிடைக்கும், சிறப்புப் பள்ளியில் சேர்த்தால் பிற்காலத்தில் எந்தக் கதவுகள் மூடும் என்று அதில் ஒரு வரி கிடையாது. சிறப்புப் பள்ளிப் பாடத்திட்டம் மெதுவானது, குறைவானது. அங்கே முடித்தவர்களுக்குத் தொழிற்பயிற்சிக்கு மேல் போக வழியில்லை. சிறப்புப் பள்ளி முடித்தவர்களும் மேல்நிலைப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்று சட்டத்தைத் திருத்தியதே 2000-இல்தான். அதற்குள் அந்தப் பாடத்திட்டத்தில் படித்த பிள்ளையால் நுழைவுத் தேர்வைத் தாண்ட முடியுமா என்பது வேறு கதை.

பெற்றோர் ஏன் கையெழுத்துப் போட்டார்கள்? படிக்கத் தெரியாமல் போட்டவர்கள் இருந்தார்கள். அதிகாரி நீட்டிய தாளை மறுக்கலாம் என்றே தெரியாதவர்கள் இருந்தார்கள். ஆனால் தெரிந்தே போட்டவர்களும் நிறையப் பேர், அவர்களை மறந்துவிடக் கூடாது. அப்படி ஒரு தாயின் கணக்கைப் பாருங்கள்: சாதாரணப் பள்ளியில் தன் பிள்ளையைத் தனியாக உட்கார வைப்பார்கள், கேலி செய்வார்கள், அடிப்பார்கள். சிறப்புப் பள்ளியில் அண்ணன் படிக்கிறான், அத்தை பிள்ளைகள் படிக்கிறார்கள், தானும் அங்கேதான் படித்தாள். பிள்ளை அழாமல் போய்வரும் இடம் எது என்று அந்தத் தாய் யோசித்தாள். அவள் கணக்குப் போட்டது சரியாகத்தான். அவள் முன்னால் வைக்கப்பட்ட இரண்டு வழிகளும் சரியில்லை.

வழக்கு வளர்ந்த கதை

1996-இல் புடாபெஸ்ட்டில் ஐரோப்பிய ரோமா உரிமைகள் மையம் தொடங்கப்பட்டது. அதன் சட்டப் பிரிவை நடத்தியவர் ஜேம்ஸ் கோல்ட்ஸ்டன் என்ற அமெரிக்க வழக்கறிஞர். அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிப் பிரிவினையை 1954-இல் நீதிமன்றம் வழியாக உடைத்தது போல ஐரோப்பாவிலும் செய்ய முடியுமா என்று அவர்கள் தேடினார்கள். ஒஸ்ட்ராவாவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

முதல் சிக்கல், எண்ணிக்கை. செக் அரசு அன்று இன வாரியாகப் பள்ளிக் கணக்கு எடுக்கவில்லை. அதனால் 1999-இல் ஊரிலுள்ள சிறப்புப் பள்ளிகள், சாதாரணப் பள்ளிகள் ஒவ்வொன்றின் தலைமையாசிரியரிடமும் 'உங்கள் பள்ளியில் எத்தனை ரோமா பிள்ளைகள்' என்று கேட்டு எழுதி வாங்கினார்கள். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் கொடுத்திருக்கும் எண்கள் அப்படி வந்தவை. வழக்கு முழுவதும் நின்றது இந்தப் பொறுமையான வேலையின் மேல்.

1996-க்கும் 1999-க்கும் இடையில் சிறப்புப் பள்ளியில் போடப்பட்ட 18 பிள்ளைகள் வழக்குக்கு வந்தார்கள். எல்லோரும் 1985-க்கும் 1991-க்கும் இடையில் பிறந்தவர்கள். முதலில் உள்ளூர்க் கல்வி அலுவலகம். விதிப்படிதான் நடந்திருக்கிறது என்று பதில் வந்தது. அடுத்து செக் அரசியலமைப்பு நீதிமன்றம். 1999 அக்டோபரில் அது மனுவைத் தள்ளியது. தன் வேலை தனித்தனி வழக்குகளைப் பார்ப்பதுதான், சமூகத்தின் பொதுவான நிலையைக் காட்டும் புள்ளிவிவரங்களை வைத்து முடிவெடுக்க முடியாது என்பது அதன் நிலைப்பாடு. பாகுபாடு தனித்தனிக் கோப்பில் தெரியாது, எல்லாக் கோப்புகளையும் ஒன்றாக அடுக்கினால்தான் தெரியும் என்ற இடத்தில் அந்த நீதிமன்றம் தன் கதவை மூடிக்கொண்டது.

2000 ஏப்ரலில் ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006 பிப்ரவரியில் ஏழு நீதிபதிகள் அமர்வு ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் மனுதாரருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ரோமா பிள்ளைகளைக் குறிவைத்து இந்தப் பள்ளிகள் உருவாக்கப்படவில்லை, பெற்றோரும் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை என்பது அதன் பார்வை. மேல்முறையீட்டில் 17 நீதிபதிகள் கொண்ட பேரமர்வு 2007 நவம்பர் 13 அன்று 13-க்கு 4 என்று அதை மாற்றியது. கல்வி உரிமையில் இனப் பாகுபாடு நடந்திருக்கிறது என்றது.

அந்தத் தீர்ப்பு சட்ட உலகில் ஏன் பெரிதாகப் பேசப்படுகிறது என்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, பாகுபாடு செய்யும் நோக்கம் இருந்ததா என்று நிரூபிக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்ட விதி ஓர் இனத்தை மட்டும் அளவுக்கு மீறிப் பாதித்தாலே போதும், அதற்கு நியாயமான காரணம் காட்ட வேண்டியது அரசின் பொறுப்பு என்றது. இரண்டு, அந்தப் பாதிப்பைக் காட்டப் புள்ளிவிவரத்தை ஏற்றுக்கொண்டது. ஒஸ்ட்ராவா எண்கள் துல்லியமா என்று அரசு கேட்டது. ஆனால் செக் அரசே 1999-இல் ஐரோப்பிய கவுன்சிலுக்குக் கொடுத்த அறிக்கையில், சில சிறப்புப் பள்ளிகளில் 80 முதல் 90 விழுக்காட்டினர் ரோமா என்றும், சராசரியோ அதற்கு மேலோ அறிவுத்திறன் உள்ள ரோமா பிள்ளைகள்கூட உளவியல் சோதனையின் பேரில் அங்கே போடப்படுகிறார்கள் என்றும் எழுதியிருந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கையெழுத்தை நீதிமன்றம் எப்படிப் பார்த்தது

அரசு தரப்பின் கடைசி வாதம் பெற்றோரின் சம்மதம். பேரமர்வு அதை ஏற்கவில்லை. இனப் பாகுபாட்டுக்கு உள்ளாகாமல் இருக்கும் உரிமையை யாரும் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது என்றது. அதோடு, பின்தங்கிய, பெரும்பாலும் படிப்பறிவு குறைந்த இந்தப் பெற்றோரால் சம்மதத்தின் விளைவுகளை எல்லாம் எடைபோட முடிந்திருக்கும் என்று தான் நம்பவில்லை என்றும் எழுதியது.

எதிர்த்து எழுதிய நால்வரில் ஸ்பெயின் நீதிபதி பொரேகோ பொரேகோ இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். ரோமா பெற்றோரைத் தங்கள் பிள்ளைகளுக்கு எது நல்லது என்று தெரியாதவர்களாகக் காட்டுவது அவர்களை இழிவுபடுத்துவது என்றார். அவருடைய முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இந்த ஒரு கண்டனத்தில் உண்மை இருக்கிறது. பெற்றோருக்கு எடைபோடத் தெரியாது என்று சொல்லத் தேவையே இல்லை. தகவல் தரப்படவில்லை, உண்மையான மாற்றுவழி கொடுக்கப்படவில்லை என்று சொல்லியிருந்தாலே அதே தீர்ப்பு நின்றிருக்கும். தீர்ப்பு வேறு இடத்தில் அதையும் சொல்கிறது: ஒரு பக்கம் சூழல் பகைமையாக இருக்கும் சாதாரணப் பள்ளி, மறு பக்கம் ரோமா பிள்ளைகளே நிறைந்த சிறப்புப் பள்ளி என்ற இக்கட்டு அது.

இந்த ஊரில் கையெழுத்து என்பதற்கு இன்னொரு வரலாறும் உண்டு. ஒஸ்ட்ராவாவைச் சேர்ந்த எலெனா கொரொலோவா, 1990-இல் இரண்டாவது பிரசவத்தின்போது அறுவை சிகிச்சைக்காக வலியில் கிடந்த நேரத்தில் நீட்டப்பட்ட தாளில் கையெழுத்துப் போட்டார். அது கருத்தடைக்கான சம்மதம் என்பது பிறகுதான் தெரிந்தது. அவரைப் போன்ற ரோமா பெண்கள் ஒன்றுசேர்ந்து பல ஆண்டுகள் போராடினார்கள். செக் நாடாளுமன்றம் 2021-இல் இழப்பீட்டுச் சட்டம் நிறைவேற்றியது, ஒருவருக்கு 3,00,000 கொருனா. பள்ளி, மருத்துவமனை என்று இடம் மாறினாலும் அச்சடித்த தாளும் விளக்கம் சொல்லாத அதிகாரியும் அப்படியே இருந்ததை இங்கே பார்க்கலாம். சம்மதத்தை வைத்துத்தான் இரண்டு இடத்திலும் அநீதி சட்டப்படியானதாகக் காட்டப்பட்டது.

வென்ற பிறகு

18 பேருக்கும் தலைக்கு 4,000 யூரோ இழப்பீடு. தீர்ப்பு வந்தபோது அவர்கள் எல்லோரும் பள்ளி வயதைத் தாண்டிவிட்டார்கள், அல்லது தாண்டும் தறுவாயில் இருந்தார்கள். இந்தத் தீர்ப்பால் அவர்களில் யாரும் ஒரு நாள்கூட நல்ல வகுப்பறையில் உட்காரவில்லை. நீதிமன்றம் வழியாக உரிமை தேடுபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எட்டு ஆண்டு வழக்கு என்பது ஒரு பிள்ளையின் முழுப் பள்ளிக்காலம்.

தீர்ப்பு வருவதற்குள்ளாகவே 2005 முதல் புதிய கல்விச் சட்டம் 'சிறப்புப் பள்ளி' என்ற வகையை நீக்கிவிட்டது. அவை 'நடைமுறைப் பள்ளிகள்' ஆயின. அதே கட்டடம், அதே ஆசிரியர்கள், லேசான மனவளர்ச்சிக் குறைபாட்டுக்கான அதே குறைந்த பாடத்திட்டம் தேசியப் பாடத்திட்டத்தின் ஒரு பின்னிணைப்பாக. 2012-இல் செக் மக்கள் உரிமைக் காப்பாளர் அலுவலகம் இந்தப் பள்ளிகளில் ஆய்வு நடத்தியது. படித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ரோமா பிள்ளைகள். நாட்டின் மக்கள்தொகையில் ரோமா இரண்டு, மூன்று விழுக்காடுதான்.

2014 செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையம் இனச் சமத்துவ விதியை மீறியதாகச் செக் நாட்டின் மேல் நடவடிக்கை தொடங்கியது. அதற்குப் பிறகுதான் வேகம் வந்தது. 2016 செப்டம்பரில் அந்தப் பின்னிணைப்பு நீக்கப்பட்டது. சாதாரணப் பள்ளியிலேயே பிள்ளையின் தேவைக்கேற்ப ஐந்து நிலைகளில் உதவி என்று சட்டம் மாறியது. முக்கியமாக, உதவி ஆசிரியருக்கான பணம் ஆண்டுதோறும் விண்ணப்பித்துப் பெறும் மானியமாக இல்லாமல், பரிந்துரை வந்தால் அரசு கொடுத்தே ஆக வேண்டிய தொகையானது. 2017 முதல் பள்ளிக்கு முந்தைய ஓராண்டு மழலையர் கல்வி எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயம், அரசு மழலையர் பள்ளியில் கட்டணமும் இல்லை. பள்ளியில் சேர்க்கும் நாளில் வாய் திறக்காமல் நின்ற அந்தப் பிள்ளைக்கு உண்மையில் தேவைப்பட்டது இந்த ஓராண்டுதான். வழக்கு தொடங்கிய காலத்தில் இது இருந்திருந்தால் அந்தக் கோப்புகளில் பல திறக்கப்பட்டே இருக்காது என்று நினைக்கிறேன்.

தெருவில் நடந்த வேலை

சட்டத்துக்கு முன்பே ஒஸ்ட்ராவாவில் சிலர் வேலையைத் தொடங்கியிருந்தார்கள். 1997 ஜூலை வெள்ளத்தில் ஹ்ருஷோவ் போன்ற தாழ்வான பகுதிகள் மூழ்கின. அங்கே இருந்த ரோமா குடும்பங்கள் தற்காலிகக் கொட்டகைகளுக்கு மாற்றப்பட்டன. சுற்றியிருந்தவர்கள் அவர்களை ஏற்கவில்லை. இந்த நேரத்தில் ஓலோமொட்ஸ் நகரில் ஆசிரியராக இருந்த குமார் விஸ்வநாதன் அந்த வேலையை விட்டு ஒஸ்ட்ராவாவுக்கு வந்தார். கேரளத்தின் கொல்லத்தைச் சேர்ந்தவர், மாஸ்கோவில் இயற்பியல் படித்தவர், செக் பெண்ணை மணந்து அந்த நாட்டில் குடியேறியவர். 'சேர்ந்து வாழ்தல்' என்று பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். மேலே சொன்ன எலெனா கொரொலோவாவும் அந்த அமைப்பில் பணியாற்றியவர்தான்.

2002-இல் முக்லினோவ் பகுதியில் 30 வீடுகள் கொண்ட குடியிருப்பு ஒன்று திறக்கப்பட்டது. மூன்றில் ஒரு பங்கு ரோமா குடும்பங்கள், ஒரு பங்கு ரோமா அல்லாதவர்கள், ஒரு பங்கு கலப்புக் குடும்பங்கள். குடிவரப் போகிறவர்களும் கட்டட வேலையில் பங்கெடுத்தார்கள். ஒரு நகரத்தின் வீட்டுப் பிரச்சினையை 30 வீடு தீர்க்காது. ஆனால் பள்ளியைப் பற்றிப் பேச வந்தவர்கள் வீட்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது என்பதை அது காட்டியது. செக் முறையில் எந்தத் தெருப் பிள்ளைக்கு எந்தப் பள்ளியில் முன்னுரிமை என்று உள்ளாட்சி எல்லை வகுக்கிறது. ஒதுக்கப்பட்ட குடியிருப்பு என்றால் ஒதுக்கப்பட்ட பள்ளி தானாகவே வந்துவிடும்.

அந்த அமைப்பும் மற்றவர்களும் செய்த வேலைகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, பள்ளியில் சேர்க்கும் நாளில் குடும்பத்தோடு கூடப் போவது. முன்கூட்டியே வீட்டுக்குப் போய், இந்தப் பள்ளியில் சேர்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, ஆலோசனை மையத்தின் பரிந்துரையை ஏற்க வேண்டிய கட்டாயமில்லை, பள்ளி சேர்க்க மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள் என்று சொல்வது. பிறகு அம்மாவோடு வகுப்பறை வாசல் வரை நடப்பது. பெரிய பட்ஜெட் தேவைப்படாத வேலை. ஆனால் அச்சடித்த படிவத்துக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்த பெற்றோருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காருவது அந்த மேசையின் பலத்தையே மாற்றிவிடும்.

பள்ளிக்குள்ளும் ஆள் வேண்டும். ரோமா சமூகத்திலிருந்தே உதவி ஆசிரியர்களை வகுப்பில் நிறுத்துவது 1990-களிலேயே இந்த நாட்டில் தொடங்கியது. ஒஸ்ட்ராவாவின் பிரெமிஸில் பிட்டர் தேவாலயப் பள்ளி அதில் முன்னோடிகளில் ஒன்று. பிள்ளையின் பேச்சு புரிந்தவர், வீட்டுக்குப் போய்ப் பேசத் தெரிந்தவர், பிள்ளை வராத நாளில் ஏன் என்று கேட்கக்கூடியவர். பிள்ளைக்கு அவர் மொழிபெயர்ப்பாளர், பெற்றோருக்குப் பள்ளியில் தெரிந்த முகம்.

இந்தப் பிள்ளைகளால் முடியுமா என்ற கேள்விக்கு இங்கிலாந்தில் பதில் கிடைத்தது. செக், ஸ்லோவாக் நாடுகளிலிருந்து அங்கே குடிபெயர்ந்த ரோமா குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றி ரோமா கல்வி நிதியமும் ஒரு பிரிட்டிஷ் அமைப்பும் 2011-இல் ஆய்வு வெளியிட்டன. பேட்டி காணப்பட்ட மாணவர்களில் பெரும்பாலோர் தங்கள் நாட்டில் சிறப்புப் பள்ளிகளிலோ ரோமா பிள்ளைகள் மட்டுமே நிறைந்த பள்ளிகளிலோ இருந்தவர்கள். இங்கிலாந்தில் எல்லோரையும் போலச் சாதாரண வகுப்பில் உட்கார்ந்தார்கள். புதிய மொழி, புதிய ஊர். ஆனாலும் கணிதத்திலும் அறிவியலிலும் மற்ற மாணவர்களின் சராசரிக்குச் சற்றுக் கீழேதான் இருந்தார்கள். அதே பிள்ளை, விமானம் ஏறி இறங்கியதும் குறைபாடு காணாமல் போய்விட்டது.

இப்போது நிலைமை

லேசான மனவளர்ச்சிக் குறைபாடு என்று முத்திரை குத்தி அனுப்புவது பெருமளவு குறைந்திருக்கிறது. முழுதாக நிற்கவில்லை. செக் கல்வி அமைச்சகம் சில ஆண்டுகளாக ஒவ்வொரு பள்ளித் தலைமையாசிரியரிடமும் ரோமா மாணவர்களின் எண்ணிக்கையை மதிப்பிட்டுத் தரச் சொல்லிக் கேட்கிறது. 1999-இல் உரிமை அமைப்பு செய்த அதே முறை. அந்தக் கணக்கின்படி நாட்டின் எல்லாப் பள்ளி மாணவர்களில் ரோமா பிள்ளைகள் நூறில் நான்கு பேர்கூட இல்லை. அந்தக் குறைபாட்டுப் பிரிவில் மட்டும் இன்னும் கால் பங்குக்கு மேல்.

இன்னொரு பிரச்சினை வளர்ந்துகொண்டே வருகிறது. ஒரு சாதாரணப் பள்ளியில் ரோமா பிள்ளைகள் அதிகமானதும் மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அடுத்த பள்ளிக்கு மாற்றுகிறார்கள். சில ஆண்டுகளில் அந்தப் பள்ளி முழுவதும் ரோமா பள்ளியாகிவிடும். பாடத்திட்டம் சாதாரணமானதுதான், சட்டம் எதுவும் மீறப்படவில்லை, ஆனால் பிரிவினை திரும்பி வந்துவிட்டது. இதற்குப் பயந்தே சில பள்ளிகள் ரோமா பிள்ளைகளைச் சேர்க்க மறுக்கின்றன. ஒஸ்ட்ராவாவில் 2014-இல் ஒரு பள்ளி இரண்டு ரோமா பிள்ளைகளை முதல் வகுப்பில் சேர்க்க மறுத்தது. குடும்பங்கள் வழக்குப் போட்டன. 2017-இல் மாவட்ட நீதிமன்றம் அது பாகுபாடுதான் என்று சொல்லி, பள்ளியை மன்னிப்புக் கேட்கச் சொன்னது. முன்பு ஸ்ட்ராஸ்பர்க் வரை போக வேண்டியிருந்த விஷயத்தை இப்போது உள்ளூர் நீதிமன்றமே தீர்க்கிறது. பெற்றோரும் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வராமல், மனுவில் கையெழுத்துப் போட்டார்கள்.

அடுத்த பத்தாண்டுக்கான சண்டை பள்ளி எல்லைகளைப் பற்றியது. எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்ற கோட்டை வரைவது உள்ளாட்சி மன்றங்கள். வாக்காளர்கள் கோபப்படுவார்கள் என்று தெரிந்தே அந்தக் கோட்டை மாற்ற எந்த மேயர் முன்வருவார்? ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோமா கொள்கைச் சட்டகம், பிரிக்கப்பட்ட பள்ளிகளில் படிக்கும் ரோமா பிள்ளைகளின் விகிதத்தை 2030-க்குள் பாதியாவது குறைக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. பல்கேரியாவின் விடின் நகரில் 2000-இலேயே ஒதுக்கப்பட்ட குடியிருப்பிலிருந்து பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி ஊரின் பல பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பிக் காட்டியிருக்கிறார்கள். கூடவே போக ஆள், மாலையில் பாட உதவி, பெற்றோரோடு தொடர்ந்து பேச்சு. ஒஸ்ட்ராவாவிலும் அதற்கான பேருந்துப் பாதைகளும் ஆட்களும் இருக்கிறார்கள். நகர மன்றம் பள்ளி எல்லைகளைத் துணிந்து திருத்துமா என்பதுதான் கேள்வி.